எல்லாம் சரியாம்

எங்கள் கம்பெனியில் லிஃப்ட் பழுதுபார்க்கிற பதினாறு பேரில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட முதல் ஆண் நான்தான். யாரும் கேட்காமலே அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்னால் வாயைத் திறந்துவிடுவேன். "சுமக்கறது அவங்க, பெத்துக்கறது அவங்க, மாத்திரை முழுங்கறதும் அவங்க. நாம என்னடா கிழிக்கிறோம்?" என்பேன். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்கள். என்னோடு ஜோடியாக வேலை பார்க்கும் சோடா மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பான். கண்ணாடி அத்தனை தடிமன் என்பதால்தான் அவனுக்கு அந்தப் பெயர். ஒரு நாள் அவனும் போய்ச் செய்துகொண்டு வந்துவிட்டான். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போடலாம் போலிருக்கிறது.

நான் ஆபரேஷனுக்குப் போனது மட்டும் பந்தாவுக்காக இல்லை. அதை யார் தலையில் அடித்தும் சத்தியம் செய்வேன். இரண்டாவது மகள் பிறந்தபோது என் மனைவிக்கு ரத்த அழுத்தம் எகிறி, மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை உண்டானால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். கர்ப்பத்தடை மாத்திரையும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார்கள். சில வருஷம் எப்படியோ ஓட்டினோம். பிறகு ஒரு நாள் நானே சொன்னேன், "நான் பண்ணிக்கறேன்" என்று. அவள் நம்ப மாட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களோடு இருக்கும் என் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆம்பிளைக்கு எதுக்குடா இந்தக் கத்தி வெட்டெல்லாம்? பொம்பளைங்க பண்ணிக்கற ஆபரேஷன் இல்லையா?" என்றாள். புருஷனை இழந்து வந்த நாளிலிருந்து முன்னறை அவளுடையது. அந்த அறையைத் தாண்டாமல் வீட்டுக்குள் ஒரு வார்த்தைகூட நுழைய முடியாது. "வாயை மூடுக்கா" என்றேன். மூடவில்லை.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு வெள்ளைத்தாளில் படம் போட்டார்.

"விந்தணு வர்ற குழாய் இது, ரெண்டு பக்கமும் இருக்கு. ரெண்டையும் வெட்டிக் கட்டிடுவோம். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. கால் மணி நேரத்துல முடிஞ்சுடும், அன்னைக்கே வீட்டுக்குப் போலாம். வாசக்டமின்னா அவ்வளவுதான். ஆசை குறையாது, பலம் குறையாது. வர்றது வழக்கம்போல வரும், அதுல அணு மட்டும் இருக்காது. ஆனா இது நிரந்தரம். நாளைக்கு மனசு மாறி, திரும்பச் சேத்து வைங்கன்னு வந்தா, முயற்சி பண்ணலாம், பலிக்கும்னு நான் உத்தரவாதம் குடுக்க மாட்டேன். ரெண்டு பேரும் நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சாச்சு சார்."

"இன்னொண்ணு. மறுநாளே பலன் கிடையாது. குழாயில ஏற்கெனவே இருக்கறது காலியாகணும். மூணு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுக்கணும். அதுல ஒண்ணுமே இல்லைன்னு எழுத்துல வரணும். அதுவரைக்கும் இப்ப எப்படிப் பாதுகாப்பா இருக்கீங்களோ அப்படியே இருங்க. நிறையப் பேர் இந்த டெஸ்ட்டைத்தான் விட்டுடறாங்க."

"இவர் விடமாட்டாருங்க" என்று என் மனைவி முந்திக்கொண்டு சொன்னாள். "ஒரு லிஃப்ட் சரி பண்ணினா, இரும்புக் கட்டியா ஏத்தி, தானே உள்ள நின்னு மூணு தடவை மேலயும் கீழயும் போயிட்டு வந்துதான் கையெழுத்தே போடுவாரு."

அவள் என்னைப் பற்றி வெளி ஆளிடம் பெருமையாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று.

டாக்டர் சொன்ன மாதிரியே கால் மணி நேரம்தான். இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம். ஒரு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. அவள் தையல் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, பெண்கள் இரண்டும் பள்ளிக்குப் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பெரிதாக வலிக்கவில்லை. ஆனாலும் "லேசா" என்பேன். அந்த ஒரு வாரம் அவள் என்னைப் புது மாப்பிள்ளை மாதிரிக் கவனித்தாள்.

மூன்று மாதம் முடிந்த சனிக்கிழமை, டெஸ்ட்டுக்கு லேபில் கொடுத்த டப்பாவில் விந்தை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சட்டைக்குள் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர். எட்டிப் பார்த்தால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேர் எழுதி டப்பா வாங்கிக்கொண்டிருந்தது என் மச்சானின் மனைவி.

என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன் பெண்டாட்டி. வேறு கிளையில் வேலை பார்த்தவள், இங்கே எப்போது மாற்றினார்களோ தெரியாது. முறைக்கு எனக்குத் தங்கை. வாய் நிறைய "அண்ணா, அண்ணா" என்று கூப்பிடுகிறவள். அவள் கையில் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது? கொடுக்கும்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பது? "வாங்கண்ணா" என்று அத்தனை பேர் முன்னால் அவள் சொல்லிவிட்டால்? எனக்குக் காது இரண்டும் சுட்டது. அவள் நிமிர்வதற்குள் வரிசையிலிருந்து நழுவி, வெளியே கழிப்பறைக் குப்பைத் தொட்டியில் டப்பாவைப் போட்டுவிட்டேன்.

ரிசல்ட் சாயங்காலம்தான் தருவார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதனால் சாயங்காலம் வரைக்கும் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பஸ் வந்து போயிற்று என்று கணக்கே இல்லை. வேறு லேபுக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம், இதற்குள் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கதவைத் திறந்ததும் கேட்டாள், "என்ன சொன்னாங்க?"

"எல்லாம் சரியாம்."

அவள் சிரித்தாள். அப்படியே கதவில் சாய்ந்து நின்று சிரித்தாள். ஏழு வருஷப் பயம் அவள் தோளிலிருந்து இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு, "இல்லம்மா, நான் கொடுக்கவே இல்லை, உங்க அண்ணி இருந்தாங்க, கூச்சமா போச்சு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அலமாரியில் இருந்த ஆணுறைப் பாக்கெட்டுகளை அன்றைக்கே குப்பையில் போட்டாள்.

வேறு லேபுகள் இரண்டு இருந்தன. ஒன்று ஊர்க்கோடியில். இன்னொன்று என் லீவு நாளில் பூட்டியிருக்கும். போகலாம் போகலாம் என்று ஒத்திப்போட்டு, பிறகு ஒத்திப்போடுவதையும் மறந்தேன். சோடா ஒழுங்காக டெஸ்ட் எடுத்து, "எனக்கு ஜீரோன்னு வந்திருக்கு, உனக்கு?" என்று கேட்டான். "ஜீரோதான்" என்றேன். அவன் என் கையைக் குலுக்கினான். நானும் வெட்கமில்லாமல் குலுக்கினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில், பல் தேய்க்கும்போது அவள் வாந்தி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். மூன்றாம் நாள் கடையில் கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கி வந்து குளியலறைக்குள் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை. முன்னறையில் அக்கா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அவள் சத்தத்தைக் குறைத்தால் காதைத் தீட்டிவிட்டாள் என்று அர்த்தம்.

"ஏண்டா, அறுத்துக்கிட்டு வந்து ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சே. டெஸ்ட்டும் சரின்னே. அப்புறம் உன் பொண்டாட்டிக்கு மசக்கை எங்கேர்ந்துடா வந்துச்சு?"

மெதுவாகக்கூடக் கேட்கவில்லை. குளியலறைக் கதவு திறந்தது. என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. "நான் டெஸ்ட்டே எடுக்கலக்கா." அவ்வளவுதான். அக்கா முன்னால் என் மூக்கு உடைந்திருக்கும், சோடா வரைக்கும் போய்ச் சிரித்திருப்பார்கள், நாலு நாளில் மறந்திருப்பார்கள். எனக்கு அந்த நாலு நாள் சிரிப்பு பெரிதாகத் தெரிந்தது. வாயடைத்து நின்றேன். ஊருக்கே பிரசங்கம் பண்ணின வாய்.

அன்று மத்தியானம், காய்ச்சலால் பள்ளிக்குப் போகாத சின்னவள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். கட்டிலருகே மண்டியிட்டு, தூங்குகிற பிள்ளையின் தலையில் கையை வைத்தாள்.

"இவ மேல சத்தியமா சொல்றேங்க. நான் வேற யார் நிழலைக்கூட மிதிக்கல. எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியல. டெஸ்ட்ல சரியா இருந்தும் எப்படின்னு எனக்குப் புரியல. நீங்க என்னை நம்பணும்."

என் கண்ணையே பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு, "சரி, எந்திரி" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த "சரி"யை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அடிக்கத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளில் அவள் வேறு ஆளாக மாறிப்போனாள். எப்போதும் எனக்குச் சரிக்குச் சரி பேசுகிறவள், நான் கேட்காமலே கணக்குச் சொல்ல ஆரம்பித்தாள். "மருந்துக்கடைக்குப் போனேங்க, பத்து நிமிஷம்தான், சின்னவளையும் கூட்டிட்டுப் போனேன்." "இன்னைக்கு பஸ் லேட்டு, வேணும்னா கூட வர்ற பொண்ணைக் கேட்டுப் பாருங்க." ஒரு நாள் தன் போனைத் திறந்து என் கையில் கொடுத்து, "பாருங்க, எல்லாத்தையும் பாருங்க" என்றாள். நான் பார்த்தேன். சொன்னால் காறித் துப்புவீர்கள், ஆனாலும் சொல்கிறேன். தேவையே இல்லாத அந்தப் போனை வாங்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பார்க்காமல் கொடுத்தால் எனக்கு உண்மை தெரியும் என்று காட்டிக் கொடுத்துவிடுமோ என்று பயம்.

ராத்திரி அவள் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டாள். வேலையில் நான் மொட்டைமாடி மெஷின் ரூமில் தனியாக உட்கார்ந்துகொள்வேன். கீழே யாரோ பொத்தானை அழுத்துவார்கள், என் தலைக்குப் பக்கத்தில் சக்கரம் சுற்றும், நிற்கும். சோடா, "என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றான். அவனிடமும் சொல்லவில்லை. நான் சொல்லி அவன் செய்துகொண்டானே, அவனிடம் எப்படிச் சொல்வது?

பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையோடு வந்து நின்றாள். முகத்தில் பல நாள் கழித்து ஒரு தெளிச்சி.

"உங்க டெஸ்ட் ரிசல்ட் பேப்பரைக் குடுங்க. டாக்டர்கிட்டப் போறேன். வெட்டின குழாய் சில பேருக்குத் தானே சேர்ந்துக்குமாம், போன்ல படிச்சேன். பேப்பரைக் காட்டி அப்படி ஆகியிருக்குமான்னு கேக்கறேன். அவர் ஆமான்னு சொன்னா உங்க மனசும் சமாதானமாயிடும்ல?"

என் மனசு சமாதானமாக. அவள் எனக்காக ஒரு வழி தேடியிருக்கிறாள். பதினோரு நாளும் தேடியிருக்கிறாள்.

"பேப்பர் இல்லை" என்றேன்.

"தொலைச்சுட்டீங்களா?"

"இல்லை. நான் குடுக்கவே இல்லை. உங்க அண்ணி கவுன்டர்ல உக்காந்திருந்தாங்க. கூச்சமா போச்சு. திரும்பி வந்துட்டேன்."

அவள் கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு உள்ளே போய்ப் பெண்களின் துணியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "உங்க அக்காகிட்டச் சொல்லிடுங்க."

சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அட, இவ்வளவுதானா? இதுக்கா அவ மூட்டை கட்டிக்கிட்டுப் போனா? விடு, மூணாவதாவது பையனா பொறக்கட்டும்" என்று டிவி சத்தத்தைக் கூட்டினாள். பதினோரு நாள் ஒருத்தியை நெருப்பில் நிறுத்திய வாய் அது. எனக்கு வந்த கோபத்தில் ரிமோட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். அடித்துவிட்டு, அந்த வாய் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றவன் யார் என்று யோசித்தேன். அதற்குப் பிறகு அக்காவைத் திட்ட எனக்கு நாக்கு எழவில்லை.

அவளும் பெண்களும் மச்சான் வீட்டுக்குப் போய்விட, வீடு காலியாகிவிட்டது. அக்கா இருந்தாள், ஆனாலும் காலிதான். பெரியவளின் பென்சில் சீவல் மேஜையில் கிடந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. ஒரே தட்டைக் கழுவி, அதிலேயே சாப்பிட்டு, அதையே கழுவி வைத்தேன். பெண்கள் போனில் பேசினார்கள். "அம்மாகிட்டக் குடு" என்றால், "அம்மா படுத்திருக்காங்க" என்றார்கள். எப்போது கேட்டாலும் படுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் அதே லேபுக்குப் போனேன். வேறு லேபுக்குப் போக இப்போது மனசு வரவில்லை. அதே வரிசை. என் முறை வந்தது. மச்சான் மனைவி நிமிர்ந்தாள். என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"பேர்? வயசு? எத்தனை மணிக்கு எடுத்தது?"

"ஏழு நாற்பது."

எழுதினாள். டப்பாவில் ஒரு தாளை ஒட்டி, பின்னால் இருந்த தட்டில் வைத்தாள். அதில் ஏற்கெனவே ஐந்தாறு டப்பா இருந்தது. "சாயங்காலம் வாங்க. அடுத்து?" என்றாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. எதற்குப் பயந்து அன்றைக்கு ஓடினேனோ, அந்த ஒரு வார்த்தை இன்றைக்கு வராதா என்றிருந்தது.

சாயங்காலம் தாளை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். விந்தணு இருந்தது, அதுவும் உயிரோடு. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஒரு பக்கம் சேர்ந்திருக்கலாம். ரொம்பக் கொஞ்சம் பேருக்கு அப்படி ஆகும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த டெஸ்டே. மூணாம் மாசம் வந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். மறுபடி பண்ணிக்கலாம், கஷ்டமில்லை." பிறகு கேட்டார், "வீட்ல எப்படி இருக்காங்க?"

எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. "நல்லா இருக்காங்க சார்" என்றேன். அதுவும் பொய்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் இதைக் காட்டினால் போதும் என்று ஒரு நினைப்பு. இதோ எழுத்தில் இருக்கிறது, உன் மேல் ஒரு குற்றமும் இல்லை, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லப்போகிறேன். முட்டாளுக்கு வேறென்ன தோன்றும்?

அவள்தான் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. நான் தாளை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"இது எனக்கு எதுக்குங்க? நான் யார்கிட்டயும் போகலைன்னு எனக்குத் தெரியாதா?"

நான் நீட்டிய கையை இறக்கினேன்.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன். பிரஷர் ஏறிடுச்சாம். வச்சுக்கறதா வேணாமான்னு அங்க பேசுவாங்க. அண்ணி கூட வர்றாங்க."

"நானும் வரேன்."

"வேண்டாம்."

"நான் பண்ணினது தப்பும்மா. ஒரு கூச்சத்துல பண்ணிட்டேன். வாய்தவறிச் சொன்ன ஒரு பொய். அதைப் பிடிச்சுக்கிட்டு..."

"பொய்யை விடுங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "பொய்யை நான் அன்னைக்கே விட்டுட்டேன். பிள்ளை தலையில கைய வச்சு நான் சத்தியம் பண்ணினப்ப உங்க கண்ணைத்தான் பாத்தேன். நம்பறாரா, நம்பலையான்னு தேடினேன். ஒண்ணும் தெரியலை. சரி, பாவம், சந்தேகம் வந்தா எந்தப் புருஷன்தான் என்ன பண்ணுவான்னு உங்களுக்காகவும் சேத்து அழுதேன். நீங்க சந்தேகப்பட்டிருந்தீங்கன்னாக்கூட நான் பொறுத்துக்கிட்டிருப்பேங்க. நான் சொல்றது உண்மைன்னு தெரிஞ்சே என்னைக் கெஞ்ச விட்டுப் பாத்துக்கிட்டு நின்னீங்களே."

உள்ளே சின்னவள், "யாரும்மா?" என்று கேட்டாள்.

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். என்ன சொல்வது என்று ஒரு கணம் யோசித்தாள். நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"அப்பாதான். கிளம்பிட்டாரு" என்றாள்.

நான் கிளம்பினேன்.